சிந்துவுக்குப் பெற்றோர் கொடுத்தது உயரம் மட்டும்தானா?

மொரீசியஸின் காத்ர் போர்ன் நகர வாசகர் ஒருவர் எழுப்பிய கேள்வி, 3 பிப்ரவரி 2025:

"மீன் குஞ்சுக்கு யாராவது நீச்சல் கற்றுத் தருவார்களா? பி.வி. சிந்துவின் தந்தை விளையாட்டுக்காரர், தாய் விளையாட்டுக்காரர். பிறக்கும்போதே உயரமும் எழுதி வந்துவிட்டது, பதக்கமும் எழுதி வந்துவிட்டது. நம் பரம்பரையில் ராக்கெட் பிடித்தவர் யார்? மொரீசியஸ் தமிழர்கள் பிள்ளைகளை வாரம் முழுவதும் ரோஸ் ஹில் பேட்மிண்டன் மையத்துக்கு இழுத்துக்கொண்டு அலைவதைவிட, அந்த நேரத்தில் ஒரு கணித டியூஷனுக்கு அனுப்பினால் எச்.எஸ்.சி.யிலாவது தேறுவார்கள்."

3 பிப்ரவரி, இரவு

ஐயா, கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. அந்தப் பாதியை முதலில் கொடுத்துவிடுகிறேன். சிந்துவின் தந்தை பி.வி. ரமணா 1986 சியோல் ஆசிய விளையாட்டுப் போட்டியில் வெண்கலம் வென்ற இந்திய வாலிபால் அணியில் இருந்தவர். 2000இல் அர்ஜுனா விருது பெற்றார். தாய் விஜயாவும் தேசிய அளவில் வாலிபால் ஆடியவர். மகளின் உயரம் 179 செ.மீ. இது பெற்றோர் வழி வந்ததில்லை என்று நான் வாதாடப் போவதில்லை.

ஆனால் இந்த மீன்கள் நீந்திய குளம் வேறு. ஆறு பேர் சேர்ந்து ஆடும் ஆட்டத்தில் வளர்ந்த இருவரின் மகள், தனியாக நின்று ஆடும் ஆட்டத்தைத் தேர்ந்தெடுத்தாள். 2001இல் பேட்மிண்டன் வீரர் புல்லேலா கோபிசந்த் ஆல் இங்கிலாந்து போட்டியில் பட்டம் வென்றது அவளை இழுத்தது. எட்டு வயதில் மட்டையைக் கையில் எடுத்தாள். பரம்பரைதான் பேசியது என்றால் அது வாலிபால் என்றல்லவா பேசியிருக்க வேண்டும்?

4 பிப்ரவரி

ரமணா பேட்மிண்டனில் பதக்கம் வென்றவர் என்று மற்றொரு வாசகர் எழுதியிருக்கிறார். இல்லை, வாலிபால்தான். ஒலிம்பிக் பதக்கமும் இல்லை, ஆசிய விளையாட்டுப் பதக்கம். இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டால் இந்த விவாதத்தின் அடிப்படையே மாறிவிடும்.

6 பிப்ரவரி

உயரத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஏனென்றால் நம் வீடுகளில் எல்லோரும் அங்கேதான் நின்றுவிடுகிறார்கள்.

இளமையில் நானும் ட்ரியோலே பக்கம் ஒரு ஊர் அணியில் வாலிபால் ஆடியவன். பெரிய ஆட்டக்காரன் இல்லை, ஆள் குறைந்தால் கூப்பிடுவார்கள். அந்தக் கண்ணோடு சிந்துவின் ஸ்மாஷைப் பார்த்தால் ஒன்று தெரியும். முழங்கை முதலில் மேலே போகிறது, கை முழு நீளத்துக்கு விரிகிறது, ஷட்டில் தலைக்கு மேலே, சற்று முன்னால் இருக்கும்போதே அடி விழுகிறது. வலைக்கு மேல் எழும்பிப் பந்தை அடிப்பவனுக்கு இந்த அசைவு பழக்கமானது. வீட்டில் அதைப் பார்த்துப் பார்த்து வளர்ந்த பெண் என்று நான் நினைத்துக்கொள்வேன். நிரூபிக்க என்னிடம் எதுவும் இல்லை.

ஆனால் வாலிபாலில் அடித்த அடி விழுந்தால் ஒரு மூச்சு விடலாம். பேட்மிண்டனில் அடித்த ஷட்டில் ஒரு நொடிக்குள் உங்கள் காலடிக்கே திரும்பி வரும். நெடிய உடம்புக்கு அங்கேதான் சோதனை. இடுப்புக்கு நேராக வருவதைத் தடுக்கக் கை மடங்க இடம் போதாது. வலையோரம் விழுவதை எடுக்க நீண்ட காலை எட்டி வைத்துக் குனிந்து, அதே வேகத்தில் பின்வாங்கவும் வேண்டும். குள்ளமானவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு.

இதற்கு 2017 கிளாஸ்கோ உலகப் போட்டி இறுதி ஆட்டத்தைவிட நல்ல பாடம் கிடையாது. எதிரே ஜப்பானின் நொசோமி ஒகுஹாரா. உயரம் ஏறத்தாழ 156 செ.மீ. பேட்மிண்டன் வலைக் கம்பத்தின் உயரம் 155 செ.மீ. என்பதை நினைத்துப் பாருங்கள்: வலையும் ஆட்டக்காரரும் ஏறக்குறைய ஒரே உயரம். அந்த ஆட்டம் 110 நிமிடம் நீண்டது. இரண்டாம் செட்டின் கடைசிப் புள்ளிக்கு 73 அடிகள் பரிமாறப்பட்டன. அதை வென்று சிந்து செட்டை 22-20 என்று பிடித்தார். அதற்குப் பிறகு மூன்றாவது செட்டில் 20-22 என்று தோற்றார். உயரம்தான் பதக்கம் என்றால் அந்தத் தங்கம் ஹைதராபாத்துக்கு அல்லவா வந்திருக்க வேண்டும்?

6 பிப்ரவரி, சற்று நேரம் கழித்து

மேலே எழுதியதைப் படித்த என் மனைவி, "உயரம் உதவாது என்று சொல்கிறீர்களா?" என்று கேட்டாள். உதவும். மகளிர் பேட்மிண்டனில் அவ்வளவு செங்குத்தாக ஸ்மாஷ் இறக்குகிறவர்கள் குறைவு. உயரம் ஒரு கருவி, அதற்கு ஒரு விலையும் உண்டு என்ற அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

8 பிப்ரவரி

பெற்றோர் வேறென்ன கொடுத்தார்கள் என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். அக்கா, நான் இதைப் பல நாளாக யோசித்திருக்கிறேன். என் பதில்: ரயில்வே.

ரமணா, விஜயா இருவரும் இந்திய ரயில்வேயில் வேலை பார்த்தவர்கள். இந்திய ரயில்வே விளையாட்டு வீரர்களை வேலைக்கு எடுத்து, ஆடுவதற்கு விடுப்பும் கொடுக்கும் நிறுவனம். அதன் வளாகங்களில் ஆடுகளங்கள் உண்டு. சிந்து முதன்முதலில் பயிற்சி பெற்றது செகந்திராபாத்தில், ரயில்வேயின் சிக்னல் மற்றும் தொலைத்தொடர்புப் பொறியியல் பயிற்சி நிறுவனத்தின் கோர்ட்டில், மெஹபூப் அலி என்ற பயிற்சியாளரிடம். அப்பா ஆடப் போகும் இடத்துக்குப் பின்னாலேயே பிள்ளையும் போகும். பக்கத்துக் கோர்ட்டில் வேறு யாரோ வேறு எதையோ ஆடிக்கொண்டிருப்பார்கள். பிள்ளையின் கண் அங்கே போகும். அடித்தளம் இப்படித்தான் விழுகிறது. அதற்குப் பிறகுதான் கச்சிபௌலியில் உள்ள கோபிசந்த் அகாடமி. தினமும் 56 கிலோமீட்டர் பயணம் செய்து பயிற்சிக்குப் போன பெண் என்று அன்றைய இந்து நாளிதழ் எழுதியது; பிறகு குடும்பமே அகாடமிக்குப் பக்கத்தில் குடி வந்தது.

மாதச் சம்பளம் நிலையாக வரும் வேலை, விடுப்புக் கேட்டால் காரணம் புரிந்துகொள்ளும் மேலதிகாரி, காசு கொடுக்காமல் நுழையக்கூடிய கோர்ட். இம்மூன்றும் இருந்தால் விளையாட்டுக் குடும்பம் என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி வந்துவிடுகிறது. 2016 ரியோ ஒலிம்பிக்குக்கு முன் மகளுடன் இருப்பதற்காக ரமணா ரயில்வேயில் நீண்ட விடுப்பு எடுத்தார். போர்ட் லூயிஸில் ஒரு தனியார் அலுவலகத்தில் வேலை செய்யும் நான், மகளின் போட்டிக்காக ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல் கேட்டுப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். "பள்ளிக்கூடப் போட்டிக்கெல்லாமா?" என்று கேட்டார்கள்.

12 பிப்ரவரி

நேற்று காவடி விடுமுறை. கோயிலில் பார்த்த சொந்தக்காரர்கள் அனைவரும் என் மகளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "இன்னும் வளரவில்லையே, இவளுக்கு என்ன பேட்மிண்டன்?" ஒகுஹாராவின் பெயரைச் சொன்னேன். பெரியப்பா ஒருவர் அது எந்த ஊர்ப் பலகாரம் என்று கேட்டார்.

நம் தீவில் இந்தியப் பெருங்கடல் தீவுகள் விளையாட்டுப் போட்டி நடந்த 2019ஆம் ஆண்டில்தான் அவள் முதன்முதலாக மட்டை கேட்டாள். அடுத்த மாதமே பாசல் உலகப் போட்டியில் சிந்துவின் தங்கம். எங்கள் வீட்டில் இரண்டும் ஒன்றாகக் கலந்து போய்விட்டன. சிந்து மொரீசியஸுக்கு வந்து ஜெயித்துவிட்டுப் போனதாகவே அவள் வெகுகாலம் நம்பியிருந்தாள்.

15 பிப்ரவரி

"பெற்றோரைப் புகழ்ந்து கோபிசந்தை மறந்துவிட்டீர்களே" என்று ஒரு தம்பி கோபித்துக்கொண்டிருக்கிறார். மறக்கவில்லை. வீட்டை அடமானம் வைத்து அகாடமி கட்டிய மனிதர் அவர்; 1980இல் பிரகாஷ் படுகோனேக்குப் பிறகு ஆல் இங்கிலாந்து வென்ற ஒரே இந்தியர். ரியோவுக்கு முன் மூன்று மாதம் சிந்துவின் கைபேசியை வாங்கி வைத்துக்கொண்டார், ஐஸ்கிரீம் கூடாது என்றார். இதெல்லாம் ஊரறிந்த கதை.

நான் பார்ப்பது அந்தக் கதையின் மறுபக்கம். இருபத்தொரு வயதுப் பெண்ணின் கைபேசியை ஒரு பயிற்சியாளர் வாங்கி வைத்தால் நம் வீடுகளில் என்ன நடக்கும்? அம்மா அன்று இரவே ஆசிரியரைக் கூப்பிட்டுச் சண்டை போடுவாள். அப்பா அடுத்த மாதம் வேறு கிளப் தேடுவார். அணி முகாம்களில் வாழ்ந்து பழகிய பெற்றோருக்குப் பயிற்சியாளரின் கண்டிப்பு எங்கே முடிகிறது, கொடுமை எங்கே தொடங்குகிறது என்பது தெரியும். அந்த எல்லை தெரியாதவர்கள் ஒன்று எல்லாவற்றுக்கும் பயப்படுவார்கள், இல்லையேல் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார்கள். இரண்டாவது வகை முதல் வகையைவிட ஆபத்து. நான் இரண்டாவது வகையாகச் சில காலம் இருந்தேன். பெயர் வேண்டாம், ஒரு பயிற்சியாளர் கால் வலி என்று சொன்ன பிள்ளைகளையெல்லாம் சோம்பேறிகள் என்று ஓட விட்டார், நாங்கள் பத்துப் பெற்றோர் வரிசையாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.

19 பிப்ரவரி

இரத்தத்தைப் பற்றிப் பேசுகிறவர்களுக்கு ஒரு பெயர்: கரோலினா மரின். ஸ்பெயினின் உவெல்வா நகரத்துப் பெண். சிறு வயதில் ஆடியது ஃபிளமென்கோ நடனம். எட்டு வயதில் ஒரு தோழி அழைத்துக்கொண்டு போய் பேட்மிண்டனைக் காட்டினாள். பதினான்கு வயதில் வீட்டை விட்டு மத்ரித் பயிற்சி மையத்துக்குப் போய்விட்டாள். கால்பந்துக்கு உயிரை விடும் அந்த நாட்டில் பேட்மிண்டன் பரம்பரை என்று எதுவும் கிடையாது. 2016 ரியோ இறுதியில் முதல் செட்டை 21-19 என்று சிந்து எடுத்த பிறகு, 21-12, 21-15 என்று திருப்பி அடித்துத் தங்கத்தைக் கொண்டு போனவர் இவர்தான். 2018 நான்ஜிங் உலகப் போட்டி இறுதியிலும் சிந்துவை வீழ்த்தினார்.

ஆக, விளையாட்டுக் குடும்பம் இல்லாமலும் உச்சிக்குப் போகலாம். ஆனால் பதினான்கு வயதில் வீட்டை விட்டுப் போக வேண்டியிருந்தது என்பதைக் கவனியுங்கள். சிந்து அந்த வயதில் அம்மாவின் சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டு பயிற்சிக்குப் போனார். வித்தியாசம் திறமையில் விழவில்லை, அதற்குக் கட்டிய விலையில் விழுந்தது.

19 பிப்ரவரி, இரவு

மேலே உள்ள வரியை அவ்வளவு நறுக்கென்று முடித்திருக்க வேண்டாம் என்று இப்போது தோன்றுகிறது. மரினுக்கு ஃபெர்னாண்டோ ரிவாஸ் என்ற பயிற்சியாளரும், அரசின் பயிற்சி மையமும் கிடைத்தன. சிந்துவுக்கு ரயில்வேயும் வீடும் செய்ததை அவருக்கு அந்த மையம் செய்தது. யாராவது ஒருவர் செய்தாக வேண்டும். செய்வதற்கு யாருமே இல்லாத பிள்ளைதான் பாவம்.

22 பிப்ரவரி

"நம் தீவில் அப்படி யார் இருக்கிறார்கள்?" இருக்கிறார்கள். ஃபூ குன் சகோதரிகளை மறந்துவிட்டீர்களா? அக்கா கேரன் 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஆடினார், தங்கை கேட் 2016 ரியோவில் ஆடினார். சிந்து வெள்ளி வென்ற அதே மகளிர் ஒற்றையர் பிரிவில் நம் தீவுப் பெண்ணும் இருந்தார். பன்னிரண்டு லட்சத்துச் சொச்சம் மக்கள்தொகை கொண்ட தீவுக்கு இது சின்ன விஷயம் இல்லை. அக்கா ஒலிம்பிக்குக்குப் போய் வந்த வீட்டில் தங்கைக்கு ஒலிம்பிக் என்பது தொலைக்காட்சியில் பார்க்கும் சமாச்சாரமாக இருக்காது. அக்காவின் பெட்டியில் இருக்கும் சட்டையாக இருக்கும்.

நம் தமிழ் வீடுகளில் அந்த இடத்தில் இருப்பது லாரியேட், அதாவது எச்.எஸ்.சி. தேர்வில் அரசு உதவித்தொகை வாங்குகிறவர். அண்ணன் எச்.எஸ்.சி.யில் அரசு உதவித்தொகை வாங்கினால் தம்பிக்கும் அது எட்டக்கூடியதாகிவிடுகிறது. எந்த ஆசிரியரிடம் போவது, எந்த வயதில் எந்தப் பாடத்தைத் தொடங்குவது, எப்போது கல்யாண வீட்டுக்குப் போகாமல் இருப்பது என்று வீடு முழுவதும் மனப்பாடமாக இருக்கிறது. காத்ர் போர்ன் ஐயா, நீங்கள் பரம்பரை என்று சொன்னது இதைத்தான் என்றால் உங்களோடு எனக்குச் சண்டையே இல்லை. படிப்பு என்றால் நமக்கு வழி தெரியும்; கோர்ட் என்றால் வாசலிலேயே நின்றுவிடுகிறோம்.

27 பிப்ரவரி

எனக்கு மிகவும் பிடித்த காட்சி எது என்று அந்தத் தம்பி கேட்டிருக்கிறார். தங்கம் வென்றது இல்லை. ரியோ இறுதி முடிந்ததும் மரின் தரையில் குப்புற விழுந்து அழுகிறார், மட்டை ஒரு பக்கம் கிடக்கிறது. சிந்து வலையைக் கடந்து போய் அவரை எழுப்பி அணைத்துக்கொள்கிறார். பிறகு கீழே கிடந்த அந்த மட்டையை எடுத்து மரினின் பைக்குப் பக்கத்தில் வைக்கிறார். தன் வாழ்வின் மிகப் பெரிய ஆட்டத்தைத் தோற்று ஒரு நிமிடம் ஆகியிருக்கும். இதைப் பயிற்சிக் கூடத்தில் கற்றுத் தருவார்கள் என்று நான் நம்பவில்லை. தோற்றுத் தோற்று வீடு திரும்பியவர்கள் சாப்பாட்டு மேசையில் எப்படி உட்காருவார்கள் என்று பார்த்து வளர்ந்தவளுக்குத்தான் அது கையில் வரும்.

அதற்குப் பிறகு வந்த இரண்டு ஆண்டுகளை நினைத்துப் பாருங்கள். 2017 உலகப் போட்டி இறுதியில் தோல்வி. அதே ஆண்டு துபாயில் அகானே யமகுச்சியிடம் இறுதியில் தோல்வி. 2018 காமன்வெல்த் இறுதியில் சாய்னா நேவாலிடம், உலகப் போட்டி இறுதியில் மரினிடம், ஆசிய விளையாட்டு இறுதியில் தைவானின் தாய் சூ யிங்கிடம் தோல்வி. இறுதிப் போட்டி என்றாலே அவருக்கு நடுக்கம் என்று தொலைக்காட்சியில் உட்கார்ந்து பேசினார்கள். அந்த நாட்களில் ரமணா என்ன செய்திருப்பார் என்பதைத்தான் நான் அடிக்கடி யோசிப்பேன். என் மகள் ஒரு முறை தோற்றுவிட்டுக் காரில் ஏறி உட்கார்ந்து, மட்டையின் கிரிப் டேப்பைச் சுற்றுச் சுற்றாக உரித்துக்கொண்டே வந்தாள். நான் ரோஸ் ஹில்லிலிருந்து வீடு வரை அவள் சர்வீஸில் செய்த பிழைகளை வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். டேப் முழுவதும் உரிந்து மரக்கட்டை தெரிந்தது. எழுதும்போதே நினைத்துப் பார்க்கிறேன், ஆறு பேர் அணியில் தோற்ற நாட்களில் எங்களில் யாரும் வண்டியில் ஆட்டத்தைப் பற்றிப் பேசியதே இல்லை. அந்தப் பழக்கம் எனக்கும் இருந்திருக்கிறது, மகளிடம் மட்டும் வரவில்லை.

1 மார்ச்

பாசலைப் பற்றி எழுதாமல் விட்டால் அடிப்பேன் என்று மகள் மிரட்டுகிறாள். 2019 உலகப் போட்டி: காலிறுதியில் தாய் சூ யிங்கிடம் முதல் செட்டை 12-21 என்று இழந்து, 23-21, 21-19 என்று மீண்டார். அரையிறுதியில் சென் யூஃபெய். இறுதியில் மறுபடியும் ஒகுஹாரா. கிளாஸ்கோவில் 110 நிமிடம் ஆடியவர்கள் இங்கே 38 நிமிடத்தில் முடித்தார்கள், 21-7, 21-7. நீண்ட ராலிகளில் சிக்காமல் தொடக்கத்திலிருந்தே அடித்து ஆடினார். உலகப் போட்டி ஒற்றையரில் தங்கம் வென்ற முதல் இந்தியர். அன்று அவருடைய தாயின் பிறந்தநாள். பதக்கத்தை அவருக்கே சமர்ப்பித்தார்.

அதற்குப் பின் நடந்தவை சுருக்கமாக: டோக்கியோவில் வெண்கலம், 2022 பர்மிங்காம் காமன்வெல்த்தில் தங்கம், பாரிஸில் ஹே பிங்ஜியாவோவிடம் நாக் அவுட்டின் முதல் சுற்றிலேயே தோல்வி.

4 மார்ச்

"கடைசியாக ஒன்று: எங்கள் வீட்டில் அப்பாவும் ஆடவில்லை, அம்மாவும் ஆடவில்லை, ரயிலும் இல்லை, மெட்ரோதான் இருக்கிறது. எங்கே தொடங்குவது?" என்று வாக்குவா வாசகர் ஒருவர் கேட்கிறார்.

ஐயா, இப்போது ஆடும் காயத்ரி கோபிசந்த் - ட்ரீசா ஜாலி ஜோடியைப் பாருங்கள். 2022, 2023 இரண்டு ஆண்டுகளிலும் ஆல் இங்கிலாந்து இரட்டையர் அரையிறுதிக்குப் போனவர்கள். காயத்ரியின் தந்தை கோபிசந்த், தாய் பி.வி.வி. லட்சுமி 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் ஆடியவர். ட்ரீசாவின் தந்தை கேரளத்தில் ஒரு உடற்கல்வி ஆசிரியர். மகளுக்கு முதலில் ஆட்டம் சொல்லிக் கொடுத்தவர் அவரே. இருவரும் கோர்ட்டில் ஒரே பக்கம்தான் நிற்கிறார்கள். உங்கள் பிள்ளையின் பள்ளியிலும் ஒரு உடற்கல்வி ஆசிரியர் இருப்பார். பெற்றோர் கூட்டத்தில் கணித ஆசிரியர் முன்னால் நிற்கும் வரிசையில் நம் ஆட்கள் அனைவரும் இருப்பார்கள். உடற்கல்வி ஆசிரியர் முன்னால் கூட்டமே இருக்காது. உடனே பேசிவிடலாம்.